பழவேற்காட்டு விளக்கும் ஒரு பழைய பாக்கியும்



மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "நான் எஞ்சினியர் சார், எனக்கு எஸ்டிமேட் எழுதத்தான் வரும்" என்று நழுவப் பார்த்தேன். "அப்போ சரித்திரத்துக்கு ஒரு எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பா" என்று விடாமல் பிடித்துக்கொண்டார். அதன் விளைவுதான் இது. தப்பு இருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நன்றாக இருந்தால் நம் கல்லூரிக்கு!

2005-ல் ஹாஸ்டலில் சேர்ந்தவர்களுக்கு "லைட்டு" என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாள் சீனியர்கள் ஒவ்வொருத்தனாக ஊர் கேட்டபோது, கறுத்து மெலிந்த ஒரு பையன் எழுந்து "லைட் ஹவுஸ் குப்பம்" என்றான். அறை முழுக்கச் சிரிப்பு. "லைட் ஹவுஸ்லயாடா குடியிருக்கே?" என்று ஒருத்தர் கேட்க, அன்றிலிருந்து நாலு வருஷமும் அவன் பெயர் லைட்டுதான். ஹால் டிக்கெட்டில் தவிர வேறெங்கும் அவன் நிஜப் பெயரைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

அவன் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் திட்டில் இருக்கிறது என்பதும், 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடும் ப்ளஸ் டூ புத்தகங்களும் போய், தற்காலிகக் கொட்டகையில் இருந்து படித்துத்தான் பரீட்சை எழுதினான் என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. "எங்க ஊருக்கு வாங்கடா, ஏரியைக் காட்டறேன், லைட் ஹவுஸ் ஏறலாம்" என்று நாலு வருஷமும் கூப்பிட்டான். நாலு வருஷமும் நாங்கள் போகவில்லை.

நான் இப்போது வேலை பார்ப்பதும் குடியிருப்பதும் மணலியில். அங்கிருந்து அவன் ஊர் பஸ்ஸும் வண்டியும் மாறினால்கூட இரண்டு மணி நேரம்தான். போகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சரித்திரம்!

கலத்தைக் கூப்பிடும் விளக்கு

"கலங்கரை விளக்கம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலத்தைக் கூப்பிடுகிற விளக்கு! சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில், ஏணி சாத்தி ஏற வேண்டிய உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் தீ மூட்டிக் கடலில் வரும் மரக்கலங்களுக்கு வழி காட்டிய செய்தி வருகிறது. ஆக, தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல.

சென்னைக்கு வருவோம். நம் நகரத்துக்கு இதுவரை நாலு கலங்கரை விளக்கங்கள். முதலாவது 1796-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று மியூசியம் இருக்கும் கட்டடத்தின் உச்சியில் வைத்தது. தேங்காய் எண்ணெய் விளக்கு! இரண்டாவது, ஹைகோர்ட் வளாகத்தில் இன்றும் நிற்கும் கிரேக்க பாணிக் கல்தூண். அது 1844-ல் எரிய ஆரம்பித்தது. மூன்றாவது, ஹைகோர்ட் கட்டடத்தின் உயர்ந்த கோபுரத்திலேயே 1894-ல் ஏற்றியது. வாதி, பிரதிவாதி எல்லோருக்கும் மேலே ஒரு விளக்கு! நாலாவது, 1977 முதல் மெரினாவில் எரியும் இப்போதைய விளக்கு.

இந்த நாலையும் தெரிந்த நம்மில் பலருக்கு, வடக்கே பழவேற்காட்டில் 1859-லேயே ஒரு விளக்கு வைத்தார்கள் என்பது தெரியாது. எனக்கும் தெரியாது. லைட்டு சொன்னபோது, "சும்மா அளக்காதேடா" என்றுதான் சொன்னேன்.

மணலியிலிருந்து வடக்கே

போன மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்கள் செட்டில் மூன்று பேர் ஒரு காரில் கிளம்பினோம். மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி, திருப்பாலைவனம், பழவேற்காடு. மீஞ்சூர் தாண்டும்வரை டேங்கர் லாரி, கன்டெய்னர் லாரி, புகைபோக்கி, உயர் அழுத்த மின்கம்பிக் கோபுரம். பொன்னேரி தாண்டியதும் வயல். அதற்கப்புறம் காற்றில் உப்பு.

போகிற வழியில் ஒன்று கவனித்தேன். மணலிக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் கறுப்பாக ஓடுகிறதே பக்கிங்காம் கால்வாய், அதேதான் வடக்கே போய் இந்த ஏரியோடு சேர்கிறது. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அது. பிறகு பழவேற்காடு வரை நீட்டினார்கள். 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷத்துப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டி, அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயரை வைத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் வெட்டிய விறகு, படகில் ஏறி இந்த ஏரியைக் கடந்து, எண்ணூர் வழியாகச் சென்னை நகரத்து அடுப்புகளுக்கு வந்தது. நம் பாட்டன் வீட்டில் வெந்த சோற்றுக்கு இந்த ஏரியும் ஒரு பங்காளி!

இப்போது அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புகிறது. 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து எஸ்.எல்.வி-3 வெற்றிகரமாகப் போனது அங்கிருந்துதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே காவல் மாதிரி நீண்டு கிடக்கும் தீவு அது. விறகுத் தீவு விண்வெளித் தீவானது!

ஏரி என்றால் என்ன ஏரி?

நம் ஊர் மதகு, கலங்கல் வைத்த பாசன ஏரி மாதிரி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது உப்பங்கழி. வடக்கே சுவர்ணமுகி, காளங்கி, தெற்கே ஆரணி ஆறு என்று நல்ல தண்ணீர் வந்து சேர, முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறி இறங்க, இரண்டும் கலந்த நீர்ப்பரப்பு. ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவில் இதுதான் பெரிய உப்பங்கழி ஏரி. நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி தமிழ்நாட்டில். அக்கரை கண்ணுக்குத் தெரியாத இடங்கள் உண்டு. ஆனால் ஆழம்? சராசரியாக ஒரு மீட்டர்தான்! அத்தனை பெரிய ஏரியில் பல இடங்களில் ஆள் இறங்கி நடந்தே வலை இழுக்கிறார்கள்.

பூநாரைகள் கூட்டமாக வருவதும் அதனால்தான். ஆழம் இருந்தால் அந்த நீளக் காலுக்கு என்ன வேலை? நாங்கள் போனபோது தூரத்தில் ஒரு வெள்ளை வரி. பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்த வரி எழுந்து பறந்தது. சிறகுக்கு அடியில் ரோஜா நிறம். எங்கள் மூவரில் ஒருத்தன் சாப்ட்வேரில் பெரிய மேனேஜர். அவன் வாய் திறந்தபடி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் படகு சவாரி கேட்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் உல்லாசப் பயணம் வந்த குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். "ஒரு மீட்டர் தண்ணிதானே" என்கிற அலட்சியத்தோடு முகத்துவாரத்துப் பக்கம் போகக்கூடாது. அங்கே ஓதம் இழுக்கிற இழுப்பு வேறு.

டச்சுக்காரரும் நம் லுங்கியும்

பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே டச்சுக் கல்லறை. நுழைவாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன! உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள். எழுத்து இன்னும் கூர்மையாக இருக்கிறது. தொல்லியல் துறை பாதுகாக்கிறது.

1610-ல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று டச்சுக் கம்பெனி இங்கே வந்தது. 1613-ல் கெல்டிரியா என்ற கோட்டை கட்டியது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைநகரம். நாணயச் சாலை, வெடிமருந்துத் தொழிற்சாலை, எல்லாம் இங்கே. நம் நெசவாளிகள் நெய்த கட்டம் போட்ட துணி கப்பல் கப்பலாகக் கிழக்கே போனது. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் "காயின் பெலிக்கட்" என்றுதான் பெயர். பெலிக்கட் என்பது புலிக்கட், அதாவது பழவேற்காடு. நம்ம ஊர் பாளையக்காட்டு லுங்கியும் அதேதான். ஹாஸ்டலில் நாலு வருஷமும் நாம் கட்டிக்கொண்டு திரிந்தது லைட்டு ஊர்ச் சரித்திரத்தை! துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக விலைக்கு வாங்கி இதே கரையிலிருந்து பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு சேதி உண்டு. ஆங்கிலேயரும் பழவேற்காட்டில் காலூன்றப் பார்த்தார்கள். டச்சுக்காரர் பக்கத்தில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1626-ல் ஏரியின் வடகோடிப் பக்கம் ஆர்மகான் என்ற இடத்தில், இன்றைய துகராஜபட்டினத்தில், கடை போட்டார்கள். அங்கேயும் சரிப்பட்டு வரவில்லை. அந்த ஆர்மகானில் இருந்த பிரான்சிஸ் டே என்ற அதிகாரிதான் தெற்கே வேறு இடம் தேடி, 1639-ல் மதராசப்பட்டினத்துக்கு அனுமதி வாங்கினார். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் சென்னை என்ற நகரமே வேறு மாதிரி ஆகியிருக்கும். மணலி இன்னும் கிராமமாகவே இருந்திருக்கும். எனக்கு வேலையும் இருந்திருக்காது!

1690-ல் டச்சுத் தலைமையகம் நாகப்பட்டினம் போனது. கோட்டையைப் பின்னால் ஆங்கிலேயர் இடித்தார்கள். 1825-ல் ஊரே அவர்கள் கைக்கு வந்தது. கெல்டிரியா இன்று மரம் செடி மூடிய மேடு. அகழி மட்டும் அடையாளம் தெரிகிறது.

ஏன் இங்கே விளக்கு?

டச்சுக்காரர் போன பிறகு, துறைமுகம் படுத்த பிறகு, 1859-ல் ஏன் இங்கே கலங்கரை விளக்கம்? இந்தக் கேள்விதான் எனக்குள் இருந்த எஞ்சினியரை எழுப்பியது.

பதில் கரையில் இல்லை, கடலில் இருக்கிறது. பழவேற்காட்டுக்கு எதிரே கடலுக்குள் மணல் திட்டுகள் உண்டு. வங்காளத்திலிருந்து சென்னை நோக்கி வரும் கப்பல், கரையை ஒட்டி வந்தால் தரை தட்டும். பகலில் பார்த்தாலும் இந்தக் கரையில் மலை கிடையாது, பாறை கிடையாது, பத்து மைலுக்கு ஒரே மாதிரி மணலும் சவுக்கும். எங்கே இருக்கிறோம் என்றே மாலுமிக்குத் தெரியாது. மற்ற இடத்து விளக்கு "இங்கே வா" என்று கூப்பிடும். இந்த விளக்கு "இங்கே வராதே, தள்ளிப் போ" என்று சொல்ல வைத்தது!

இப்போது இருப்பது பழைய கோபுரம் அல்ல. 1980-களில் எழுப்பிய உயரமான கான்கிரீட் கோபுரம். பழவேற்காட்டு ஊரிலிருந்து பாலம் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் போக வேண்டும். பாலத்தின் மேல் வரும்போதே பட்டை பட்டையாக வண்ணம் அடித்த கோபுரம் தெரிகிறது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் அது.

கோபுரத்தடியில் லைட்டு நின்றுகொண்டிருந்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. "வந்துட்டீங்களாடா" என்றான். அவ்வளவுதான். பக்கத்தில் அவன் அப்பா, தோளில் துண்டு. "வாங்க தம்பி, இவன் சொல்லிக்கினே இருப்பான், இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

உயரமும் வர்க்கமூலமும்

சீட்டு வாங்கி ஏறினோம். சுழல் படி. பாதியில் என் முழங்கால் "டேய், உனக்கு இருபது வயசா?" என்று கேட்டது. லைட்டின் அப்பா கீழேயே உட்கார்ந்துகொண்டார். "நான் இத அங்கருந்து பாத்தே பழக்கம், இதுக்குள்ள எனக்கு இன்னா வேல?" என்று கடலைக் காட்டினார்.

தற்போதைய மாணவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பூமி உருண்டையாக இருப்பதால், விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் அடிவானத்துக்கு அப்பால் நேராகத் தெரியாது. ஆகவே உயரம்தான் முக்கியம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.86 ஆல் பெருக்கினால், காற்று மண்டலத்தில் ஒளி வளைவதையும் சேர்த்து, அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 50 மீட்டர் உயர விளக்கு என்று வைத்துக்கொண்டால் 27 கிலோமீட்டர். பார்ப்பவன் கண் படகில் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கூட்டினால் சுமார் 33 கிலோமீட்டர். அதே விளக்கை 20 மீட்டரில் வைத்தால் 23 கிலோமீட்டர்கூட வராது. பழைய குட்டைக் கோபுரங்களுக்குப் பதில் உயரமாகக் கட்டியதன் சூத்திரம் இவ்வளவுதான்.

இன்னொரு அதிசயம் கண்ணாடி. 1820-களில் பிரான்சின் பிரெனல் என்ற எஞ்சினியர் ஒரு யோசனை செய்தார். பெரிய லென்ஸ் என்றால் கனம் தாங்காது. ஒளியை வளைப்பது லென்ஸின் மேற்பரப்புதானே, நடுவிலுள்ள சதை எதற்கு? அதை வெட்டி எறிந்துவிட்டு, வளைவை மட்டும் வளையம் வளையமாக அடுக்கினார். சின்ன விளக்கின் ஒளியும் சிதறாமல் ஒரே கற்றையாகப் போனது. அவர் ரோடு, பாலம் போடுகிற துறை எஞ்சினியர் என்பதைச் சிவில் நண்பர்கள் பெருமையோடு குறித்துக்கொள்ளலாம்! கண்ணாடி சுழலச் சுழல, கடலில் இருப்பவனுக்கு விளக்கு மின்னி மறைவது போல் தெரியும். ஒவ்வொரு விளக்குக்கும் மின்னும் கணக்கு தனி. எண்ணிப் பார்த்தால் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். லைட்டு ஹாஸ்டல் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு கண்ணை மூடி விரல்விட்டு எண்ணுவான். "என்னடா மந்திரமா?" என்று கேட்போம். "வீடுடா" என்பான். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

சட்டமும் உண்டு. 1927-ல் வந்த கலங்கரை விளக்கச் சட்டம் சுமார் 94 வருஷம் ஆண்டது. 2021-ல் அதற்குப் பதில் புதிய சட்டம் வந்தது. புதிய சட்டம் விளக்கை மட்டுமல்ல, ரேடியோ, செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகளையும் சேர்த்துப் பேசுகிறது. இப்போது ஒவ்வொரு பைபர் படகிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. "அப்போ இந்த விளக்கு எதுக்கு?" என்று மேலே நின்று கேட்டேன். லைட்டு சொன்னான்: "பேட்டரி தீராத வரைக்கும் அது. பேட்டரி தீர்ந்தா இது."

மேலிருந்து பார்த்தது

மேலே காற்று சட்டையைப் பிய்த்தது. கிழக்கே கடல். மேற்கே ஏரி, தகடு மாதிரி. வடக்கே முகத்துவாரம். தெற்கே திரும்பினால், கரையோரமாகத் துறைமுகக் கிரேன்கள், அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், அதற்கும் அப்பால் மங்கலாக ஒரு புகைத் திரை. "உங்க ஊரு" என்றான் லைட்டு. மணலி!

இறங்கியதும் அவன் அப்பா அதையே வேறு விதமாகச் சொன்னார். "ராவுல கடல்ல இருக்கச்சே வடக்க இந்த லைட்டு, தெக்க உங்க மணலி நெருப்பு. ரெண்டையும் வெச்சுத்தான் வலை போட்ட எடத்த அடையாளம் வெச்சுக்குவோம். உங்க நெருப்பும் எங்களுக்கு ஒரு லைட் ஹவுஸ்தான் தம்பி."

1969-ல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்ததிலிருந்து அந்த வானத்தில் ஒரு தீ உண்டு. அந்தத் தீயின் கீழே இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அதை யாரோ கடலில் இருந்து பார்த்து வீட்டுக்கு வழி கணக்குப் போட்டிருப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. முகத்துவாரத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடு போட்டிருந்தது. "இதான் வாசல். இது தெறந்தா எறா உள்ள வரும், குஞ்சு வளரும். மூடிக்கிச்சுன்னா ஏரி செத்துப்போவும். முன்ன மழ வெள்ளம் வந்து அதுவே ஒடச்சிக்கும். இப்ப ஆத்துல தண்ணியும் கொறஞ்சு போச்சு, மணலும் வேற மாரி நடக்குது. மம்முட்டி எடுத்துக்கினு ஊரே வந்து வெட்டுவோம். மறுபடி மூடிக்கும்."

மணல் நடக்கிறது என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நம் கரையில் அலைகள் வருஷத்தில் பெரும்பகுதி மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச காலம் திசை மாறும். குறுக்கே கல் போட்டுத் துறைமுகம் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் போட ஆரம்பித்ததன் பலன்தான் தெற்கே விரிந்த மெரினாவும், வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அரித்துப்போன குப்பங்களும். எண்ணூரில் 2001-ல் ஒரு துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளியில் இன்னொன்று. முகத்துவாரம் அடைவதற்கு ஆற்று வரத்துக் குறைவு, வண்டல் என்று பல காரணங்கள் உண்டு. ஒருத்தர் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. ஆனால் எல்லாக் காரணத்திலும் எங்கேயோ ஒரு எஞ்சினியரின் கையெழுத்து இருக்கிறது.

லைட்டும் எஞ்சினியர்தான். துறைமுகம் ஒன்றில் கிரேன் பராமரிப்பு. அவன் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவன் சம்பளம் ஒரு பக்கம் வூட்டக் கட்டுது, இன்னொரு பக்கம் எங்க வாசல அடைக்குது. நாந்தான் படிடா, கடலு வாணாம்னு அனுப்புனேன். யாரக் கொற சொல்றது?" லைட்டு மணலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றான். நானும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்துப்போன படங்களைப் பேப்பரில் பார்த்தபோது, பக்கத்தைத் திருப்பிவிட்டு ஷிப்டுக்குப் போனவன் நான்.

அவர்களிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறது. "பாடு" என்று பெயர். ஏரியில் இன்ன இடத்தில் இன்றைக்கு இந்த ஊர், இந்த வீட்டார், நாளைக்கு அடுத்தவர் என்று முறை வைத்து வலை போடுவது. நல்ல இடத்தை யாரும் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. எழுதாத சட்டம், தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. நாம் படித்த ரிசோர்ஸ் அலொகேஷன் பாடத்தை எந்த எம்.பி.ஏ.வும் இல்லாமல் நடத்துகிறார்கள். ஆனால் பங்கு போட மீன் வேண்டும். மீன் வர வாசல் திறந்திருக்க வேண்டும்.

அந்தப் பழைய பாக்கி

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. எறா தொக்கு, மடவை மீன் குழம்பு. லைட்டின் அம்மா "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கப்பா" என்று விடவில்லை. கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். பேப்பரில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, ரப்பர் பேண்டு. கருவாடு.

அதைக் கையில் வாங்கியபோது சொல்லிவிட்டேன். மூன்றாம் வருஷம், ஹாஸ்டலில் லைட்டின் பெட்டியில் கருவாடு இருக்கிறது, நாற்றம் தாங்கவில்லை என்று வார்டனிடம் பேர் போடாமல் ஒரு கம்ப்ளெயின்ட் லெட்டர் போனது. எல்லோர் முன்னாலும் அவனே எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினான். அவன் அம்மா சுனாமிக்கு அப்புறம் முதல் முதலாகக் காயவைத்த கருவாடு அது. அந்த லெட்டரை எழுதியது நான்.

லைட்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தெரியும்டா. உன் ‘ழ’ எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் உன் ரெக்கார்ட் நோட்டைத்தானே காப்பி அடிச்சேன்" என்றான். அப்படித் தெரிந்தும்தான் நாலாம் வருஷம் முழுக்க "ஊருக்கு வாடா" என்று கூப்பிட்டிருக்கிறான்.

பொழுது இறங்கியது. நாங்கள் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தினோம். கோபுர உச்சியில் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒளிக்கற்றை ஏரி மேல் ஒரு தடவை, கடல் மேல் ஒரு தடவை. மூன்று பேரும் எதுவும் பேசாமல் விரல்விட்டு எண்ணினோம்.

மலர்க் குழுவுக்கும் சங்கத்துக்கும் இரண்டு வேண்டுகோள். ஒன்று: சிவில், மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்கள் யாராவது பழவேற்காட்டு முகத்துவாரத்தைப் புராஜெக்டாக எடுக்கட்டும். மணல் எந்த மாதம் எவ்வளவு நகர்கிறது என்று ஒரு வருஷம் அளந்தாலே பெரிய காரியம். நெட்டில் காப்பி அடித்த புராஜெக்ட்டை விட இது உருப்படி. அளப்பதற்கு நாடாவும் மட்டமும் வாங்கும் செலவு என்னுடையது. இடம் காட்ட லைட்டின் அப்பா தயார். கேட்டுவிட்டேன்.

இரண்டு: அடுத்த சந்திப்பை ஏசி ஹாலில் வைக்க வேண்டாம். லைட் ஹவுஸ் குப்பத்தில் வைப்போம். கருவாடு பிடிக்காதவர்கள் முன்கூட்டியே, பேர் போட்டு, லெட்டர் எழுதவும்!